ஹார்வர்ட் கேட்பது 4 ஆண்டு, நம் கையில் 11 ஆண்டு

கெடா மாணவர்களிடம் ஹார்வர்ட் என்று சொன்னால் இரண்டு இடங்கள் நினைவுக்கு வரலாம். ஒன்று, அமெரிக்காவில் 1636-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம். மற்றொன்று, பீடோங் வட்டாரத்தில் உள்ள ஹார்வர்ட் தோட்டம். அந்தத் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. மொழிப்பாடம் என்று வரும்போது, அந்தப் பல்கலைக்கழகம் எதிர்பார்ப்பதும் நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருப்பதும் நாம் நினைப்பதைவிட நெருக்கமானவை.

விண்ணப்பிக்கும் மாணவர், உயர்நிலைப்பள்ளியில் ஒரே அயல்மொழியை 4 ஆண்டுகள் படித்திருப்பது நல்லது என்பது ஹார்வர்டின் பரிந்துரை. ஸ்டான்ஃபோர்ட் 3 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்கிறது. எம்.ஐ.டி. 2 ஆண்டு என்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2 ஆண்டைக் கட்டாயமாக்கி, 3 ஆண்டைப் பரிந்துரைக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை பரிந்துரைகளே. வேறு நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவரின் விண்ணப்பத்தை அந்த நாட்டின் முறையை வைத்தே பார்ப்பார்கள். எனினும் இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது. மூன்று மொழிகளை ஓராண்டு வீதம் தொட்டுப் பார்த்தவரைவிட, ஒரு மொழியைத் தொடர்ந்து படித்துக் கட்டுரையும் இலக்கியமும் கையாளும் நிலைக்கு வந்தவரையே அவர்கள் விரும்புகிறார்கள்.

அங்கே 'அயல்மொழி' என்பது ஆங்கிலம் அல்லாத எந்த மொழியும்தான். பிரெஞ்சு, ஸ்பானிஷ் மட்டும் என்று பொருளல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் விதி இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 6-ஆம் வகுப்பு நிலையிலோ அதற்கு மேலோ, ஆங்கிலம் அல்லாத மொழி பயிற்றுமொழியாக உள்ள பள்ளியில் 2 ஆண்டுகள் படித்துத் தேறியவர் அந்த நிபந்தனையை நிறைவு செய்தவராகிறார். அப்படிப் பார்த்தால், தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி வழி படித்த நாம் அனைவரும் அந்தக் கதவைத் தாண்டிவிட்டோம். தமிழ் அதற்கு மேல் வரும் இரண்டாவது பலம்.

தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டு, இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 முதல் 5 வரை 5 ஆண்டு. மொத்தம் 11 ஆண்டு. இவ்வளவு நீண்ட மொழிப்படிப்பு அமெரிக்க மாணவர்கள் பலருக்கே கிடைப்பதில்லை. ஆனால் நம்மில் பலர் இந்தக் கணக்கை முழுமையாக்குவதில்லை. படிவம் 1-இல் சிலர் விடுகிறார்கள், படிவம் 4-இல் இன்னும் சிலர் விடுகிறார்கள்.

காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு, மற்ற பாடங்கள் முடிந்த பிறகே நடக்கிறது. பட்டணத்தில் இருப்பவர் எப்படியோ வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். தோட்டத்திலிருந்து வருபவரோ பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டால், அழைத்துப் போக அப்பாவின் மோட்டார் சைக்கிள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்தது 'ஏ' பற்றிய பயம். எஸ்.பி.எம். தமிழில் 'ஏ' வாங்குவது கடினம், அது மொத்தத் தேர்ச்சியைக் கெடுத்துவிடும் என்று பெற்றோரே சொல்லும் வீடுகள் உண்டு.

இந்த முடிவு ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியிலும் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான் போன்ற மொழிகளுக்கு, நடைமுறைக்கு ஏற்றதாக இருந்தால் கற்பிக்கலாம் என்று மட்டுமே அதே சட்டம் சொல்கிறது. ஆக, தமிழுக்கு உள்ள இடம் கூடுதல் உறுதியானது. ஆனால் அது 15 என்ற எண்ணில் தொங்குகிறது. 16 பேர் உள்ள வகுப்பில் இருவர் விலகினால், மிஞ்சிய 14 பேரின் கோரிக்கை பலவீனமாகிவிடும். தோட்டங்கள் சுருங்கி, குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களுக்குச் சிதறிவிட்ட நிலையில், இந்த 15-ஐச் சேர்ப்பது சில பள்ளிகளில் எளிதல்ல.

இந்தப் பாடத்துக்கான இடமும் தானாக நிலைத்துவிடவில்லை. 2009-ஆம் ஆண்டு, எஸ்.பி.எம். பாடங்களை 10-ஆக வரையறுக்கப்போவதாக அறிவிக்கப்பட்டபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் ஓரங்கட்டப்படும் என்று நம் சமூகம் குரல் கொடுத்தது. அதன் பிறகே கூடுதலாக 2 பாடங்கள் எடுக்க வழி பிறந்தது.

உள்ளூர் நிலவரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் வழி அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களின் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியது. எஸ்.பி.எம். தமிழில் வாங்கிய 'ஏ' அந்தக் கணக்கில் நேரடியாகச் சேராது. மருத்துவமோ பொறியியலோ படிக்க நினைப்பவருக்குத் தமிழ் புள்ளி தரும் என்று சொன்னால் அது பொய்.

ஆனால் சில கதவுகள் தமிழ் இல்லாமல் திறப்பதே இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்புபவருக்கு எஸ்.பி.எம். தமிழ் அடிப்படை. அந்தப் பயிற்சியைத் தரும் சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் பயிற்சிக் கழகம் நம் சுங்கை பட்டாணியிலேயே இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும், 1956 முதல் இயங்கிவரும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலும் தமிழ்க் கல்வி தொடர்கிறது. படிவம் 4-இல் தமிழை விடும் 16 வயது மாணவருக்கு, பின்னாளில் இந்த வழி தேவைப்படுமா என்று அன்று தெரிந்திருக்காது.

எனவே பாடத்தை விட நினைக்கும் தம்பி தங்கைகள் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலில், விலகும் கடிதத்தில் அம்மா அப்பா கையொப்பமிடும் முன், வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தமிழாசிரியரிடம் கேளுங்கள். இரண்டாவது, பள்ளியில் வகுப்பே இல்லையென்றால் 15 பெற்றோரின் கையொப்பத்தோடு தலைமையாசிரியருக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள். வாயால் கேட்பதைவிடக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதற்கு உதவலாம். மூன்றாவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது மலாய், தமிழ் இரண்டையும் எத்தனை ஆண்டு, எந்த நிலைவரை படித்தீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். வீட்டில் பேசும் மொழிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

படிவம் 1-இல் சேரும்போதே அந்த 15 பெயர்களைத் திரட்டத் தொடங்கினால், படிவம் 5 வரை வகுப்பைக் காப்பாற்றுவது எளிது. படிவம் 4 வந்த பிறகு தேடினால், பலர் ஏற்கெனவே விலகியிருப்பார்கள்.