கொசு வளருமிடங்களைக் கிராமப் படத்தில் குறித்தல்

1934-ம் ஆண்டில் மேட்டூர் அணை முடிந்து கல்லணைக் கால்வாயில் ஜலம் விடப்பட்ட பின்னர், தஞ்சாவூர் ஜில்லா பட்டுக்கோட்டைத் தாலூகாவில் புன்செய் நிலங்கள் பல நன்செய்யாயின. ஆனால் நெல்லோடு மலேரியா ஜுரமும் வந்து சேர்ந்தது. ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் பால் ரஸ்ஸலும் அவருடைய சகாக்களும் அங்கு ஆராய்ச்சி நடத்தி, அனாபிலிஸ் குலிசிபேஸிஸ் என்னும் கொசுவே அந்நோயைப் பரப்புவதெனக் கண்டனர்.

தேங்கிய ஜலம் அனைத்தும் இக்கொசுவுக்கு ஏற்றதன்று. வெயில் படும் தெளிந்த நீரையே இது பெரிதும் நாடும். வாய்க்காலின் கசிவுக் குட்டை, கரைக்கு மண் வெட்டிய பள்ளம், புதிதாக நட்ட வயல் ஆகியவை இதற்கு உகந்தவை. பயிர் சுமார் ஓர் அடி உயர்ந்து அடர்ந்த பின்னர், அவ்வயலில் இப்புழுக்கள் மிகவும் அருகிவிடும். ஆகவே ஒரே வயல் ஒரு மாதம் அபாயமுள்ளதாகவும், மறு மாதம் அபாயமற்றதாகவும் இருக்கக்கூடும்.

படம் தயாரிக்கும் முறை வருமாறு: கிராமப் புலப்படத்தின் நகலில் வீடுகளையும் நீர்நிலைகளையும் முதலில் குறிக்க வேண்டும். பின்பு ஒவ்வொரு நீர்நிலையிலும் வெண்ணிறக் கரண்டியால் பத்து முறை மொண்டு, புழுக்களை எண்ண வேண்டும். அனாபிலிஸ் புழு நீர்மட்டத்தோடு படிந்து கிடக்கும். பிற கொசுக்களின் புழு தலைகீழாகத் தொங்கும். புழு கண்ட இடத்தைச் சிவப்பு மையால் குறித்து, தேதியையும் பயிரின் உயரத்தையும் எழுத வேண்டும். தேதியில்லாத படம் பயன்படாது. செயற்கைக்கோள் படங்கள் இக்காலத்தில் நீருள்ள இடத்தைக் காட்டினும், அதிலுள்ள புழுவைக் கரண்டியே காட்டும்.

புழு இருப்பதனால் மட்டும் நோய் உண்டாகாது. ஜுர நோயாளியைக் கடித்த கொசுவே நோயைக் கடத்தும். எனவே ஜுரம் கண்ட வீடுகளையும் படத்தில் குறித்தல் அவசியம். சிவப்புக் குறிகளும் அவ்வீடுகளும் நெருங்கியுள்ள இடமே முதலில் கவனிக்கத்தக்கது.

அங்கு பள்ளங்களைத் தூர்த்து, கசிவை வடித்துவிட வேண்டும். முட்டை கொசுவாவதற்குச் சுமார் ஒரு வாரம் செல்லுமாதலால், இளம்பயிருள்ள வயலை வாரம் ஒரு நாள் நன்றாகக் காயவிடுதல் நலம். ஒருவர் காயவிட்டு, அடுத்தவர் நீர் நிறுத்தினால் பயனில்லை. ஒரு மடையில் பாயும் வயல்கள் அனைத்தும் ஒரே நாளில் வடிய வேண்டும். நடவுக் காலத்தில் ஜுரத்தால் வேலையாள் படுத்துவிட்டால், அக்குடும்பத்தின் கூலியும் குடியானவரின் பருவமும் ஒருங்கே கெடுமாதலால், இப்படத்திற்குச் செலவிடும் இரண்டு நாள் உழைப்பு வீணாகாது.