85 வயது தாத்தாவுக்கு மாரடைப்பு வருமா? பழைய கணக்கு ஏன் பலிப்பதில்லை?

வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, புகைப்பழக்கம்... இவற்றை வைத்து 'அடுத்த 10 ஆண்டுகளில் இதய நோய் வர இத்தனை சதவிகிதம் வாய்ப்பு' என டாக்டர்கள் கணிப்பதுண்டு. 50 வயது அப்பாவுக்குக் கைகொடுக்கும் இந்தக் கணக்கு, 85 வயது தாத்தாவுக்கும் பொருந்துமா?

கணக்கு பிறந்த கதை

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் தொடங்கிய ஆய்வில் 5,209 பேர் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலும் 30 முதல் 62 வயது வரை உள்ளவர்கள். அந்த ஆய்விலிருந்து உருவானதுதான் 'ஃப்ரேமிங்ஹாம் ஸ்கோர்'. 85 வயதுக்காரர்களை மனதில் வைத்து அது உருவாக்கப்படவில்லை.

லைடன் சொன்ன உண்மை

நெதர்லாந்தின் லைடன் நகரில், அதுவரை இதய, ரத்தநாள நோய் இல்லாத 85 வயதுக்காரர்கள் 302 பேரை 5 ஆண்டுகள் கண்காணித்தார்கள். 108 பேர் இறந்தார்கள். அவர்களில் 35 பேரின் மரணத்துக்கு இதய, ரத்தநாள நோய்களே காரணம். ஆபத்து யாருக்கு அதிகம் என்பதை ஃப்ரேமிங்ஹாம் ஸ்கோரால் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. ஏறக்குறைய பூவா தலையா போட்டுப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. ரத்தத்தில் உள்ள 'ஹோமோசிஸ்டீன்' என்ற அமினோ அமிலத்தின் அளவு மட்டும் ஓரளவு சரியாகக் காட்டியது. 2009-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதை வெளியிட்டது.

ஏன் இப்படி?

கொலஸ்ட்ராலாலும் ரத்த அழுத்தத்தாலும் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்களில் பலர் 85 வயதைத் தொடுவதே இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. முதுமையில் ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் குறைந்திருப்பது சில நேரம் உடல் தளர்ச்சியின் அடையாளமாகவும் இருக்கலாம்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. ஆபத்தைக் கணிப்பது வேறு, சிகிச்சையால் கிடைக்கும் பலன் வேறு. 80 வயதைக் கடந்த 3,845 ரத்த அழுத்த நோயாளிகளிடம் நடந்த 'ஹைவெட்' ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மரணங்கள் 21 சதவிகிதம் குறைந்தன. அதேபோல, ஹோமோசிஸ்டீனைக் குறைக்கிறேன் என்று நாமாக வைட்டமின் மாத்திரை வாங்கிப் போடுவதிலும் பயனில்லை. வைட்டமின்கள் அதன் அளவைக் குறைத்தாலும், மாரடைப்பைக் குறைக்கவில்லை என்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

* எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறதா?
* சமீபத்தில் கீழே விழுந்தாரா?
* எடை குறைகிறதா?
* வழக்கமான நடைக்கே மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா?
* தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

அடுத்த முறை தாத்தா, பாட்டியை அழைத்துச் செல்லும்போது லேப் ரிப்போர்ட்டுடன் இந்தப் பதில்களையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்த வயதில் எண்கள் சொல்லாத பலவற்றை, கூடவே இருப்பவர்களால்தான் சொல்ல முடியும்.