செல்லப் பெயரும் கெட்ட கனவும்

ஆல்பிரட் என்று பெயருள்ளவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக விழிப்பார். 'எல்ஃப் தரும் ஆலோசனை' என்று பொருள்!

எல்ஃப் என்றதும் கூர்மையான காதுள்ள குட்டிப் பொம்மைதானே நினைவுக்கு வருகிறது? பண்டைய ஜெர்மானிய மக்களுக்கு அப்படியல்ல. மனித வடிவும் மாய சக்தியும் கொண்ட அமானுஷ்யப் பிறவிகள் அவர்கள். பழைய ஆங்கிலத்தில் பேரழகியை, 'எல்ஃப் போல் ஒளிர்பவள்' என்று புகழ்ந்தார்கள். ஆனால், திடீரென்று குத்து வலி கண்டாலோ, 'எல்ஃப் அம்பு எய்துவிட்டது' என்று பயந்து மந்திரித்தார்கள்! ஜெர்மன் மொழியில் கெட்ட கனவுக்கு இன்றும் 'ஆல்ப் கனவு' என்றுதான் பெயர். ஆல்ப் என்பதும் எல்ஃப்தான். தூங்குகிறவர் மார்பில் ஏறி அமுக்குமாம்!

இதுவரை வேடிக்கை. இனி வேதனை. தொட்டில் குழந்தை தேறாமல் மெலிந்தால், 'இது நம் குழந்தையல்ல. எல்ஃப்கள் மாற்றி வைத்துவிட்டுப் போனது' என்று நம்பியவர்கள் உண்டு. அடித்தால் சொந்தக் குழந்தை திரும்பி வந்துவிடும் என்றார்கள். மருந்து கிடைக்க வேண்டிய குழந்தைக்கு அடி கிடைத்தது.

ஆசையாகப் பிள்ளைக்கு வைத்த பெயரிலும் அந்தச் சொல். பெற்ற பிள்ளையையே சந்தேகித்த வாயிலும் அதே சொல்!