ஆவுளியாவுக்கு யார் உறவு?

இராமநாதபுரம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடல் பசு, மூன்று மீட்டர் நீளம், 400 கிலோ எடை வரை வளரும். எட்டு அரிசி மூட்டைக் கனம்! அதே கடலில் ஓங்கில் எனப்படும் டால்பினும் உண்டு, சுறாவும் உண்டு. மூன்றுக்கும் வழவழவென நீண்ட உடல், துடுப்பு, வால். பார்த்தவுடன் மூன்றையும் ஒரே இனத்தில் சேர்க்கத் தோன்றும்.

வாலைக் கவனித்தால் அந்த எண்ணம் உடைகிறது. சுறாவின் வால் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் வீசும். ஓங்கிலுக்கும் ஆவுளியாவுக்கும் வால் படுக்கைவாட்டில் விரிந்து மேலும் கீழும் அடிக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் விலங்கின் முதுகெலும்பும் இப்படித்தான் வளைகிறது. இவற்றின் மூதாதைகள் தரையில் நடந்தவை. மீன்களோடு சேர்க்கப்பட்டிருந்த திமிங்கிலத்தையும் ஓங்கிலையும் 1758இல்தான் வகைப்பாட்டியலாளர் லின்னேயஸ் பாலூட்டிகளின் வரிசைக்கு மாற்றினார்.

அப்படியானால் ஓங்கிலும் ஆவுளியாவும் நெருங்கிய சொந்தமா? உடற்கூற்று மேதை குவியே அப்படித்தான் நினைத்து, ஆவுளியாவைத் தாவரம் தின்னும் திமிங்கிலமாக வகைப்படுத்தினார். ஆனால் ஓங்கிலின் மூக்குத்துளை உச்சந்தலையில் இருக்கிறது. ஆவுளியாவுக்கோ மூஞ்சியின் முன்பக்கம். ஓங்கில் மீனைத் துரத்திப் பிடிக்கும். ஆவுளியா கடலடியில் கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும்.

வேற்றுமை தேடும் கண் இதுவரை இரண்டு உறவுகளை அறுத்துவிட்டது. இனி ஒற்றுமை தேடும் கண்ணின் முறை. ஆவுளியாவின் பால்காம்பு முன்துடுப்பின் அக்குளருகே இருக்கிறது. ஆண் ஆவுளியாவுக்குத் தந்தம் முளைக்கிறது. அது நீண்டு வளர்ந்த வெட்டுப்பல். முன்னங்கால்களுக்கு இடையே மடியும், தந்தமாக நீண்ட வெட்டுப்பல்லும் உள்ள தரைவிலங்கு எது? யானை! 1816இலேயே பிளேன்வில் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இந்த உறவைச் சொன்னார். பிற்கால மரபணு ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. ஓங்கிலோ பசு, நீர்யானை ஆகியவற்றுக்கு உறவு.

வழவழப்பான உடல், நீரில் விரைய எல்லா உயிருக்கும் தேவைப்படுவது. தனித்தனியே தோன்றிய இத்தகைய ஒற்றுமையைச் செயலொப்புமை என்பார்கள். ஒரே மூதாதையிடமிருந்து வருவது அமைப்பொப்புமை. ஆவுளியாவின் துடுப்புக்குள் ஐந்து விரல்களின் எலும்புகள் இருக்கின்றன; யானையின் பாதத்துக்குள்ளும் ஐந்து விரல்கள்தாம். தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இத்தகைய ஒற்றுமைகள்தாம் வம்சத்தைச் சொல்கின்றன.

இந்த உறவு ஓர் எச்சரிக்கையும்கூட. பல மீன்கள் இலட்சக்கணக்கில் முட்டையிடும். ஆவுளியா யானையைப் போலவே ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே குட்டி ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். வலையில் சிக்கி ஒரு தாய் மடிந்தால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் யானையையும் ஆவுளியாவையும் ஒரே முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. 2022இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடலில் வாழ்ந்தாலும் ஆவுளியாவை மீன் கணக்கில் எண்ணக் கூடாது. யானைக் கணக்கில்தான் எண்ண வேண்டும்.