அட்டைக்கு உறை போட்ட பெண்கள்!

நாவல் வாங்கினால் முதலில் என்ன செய்வோம்? அட்டைப் படத்தை ஆசையாகப் பார்ப்போம். அமெரிக்காவிலோ, காதல் நாவல் வாங்கிய பெண்கள் பலர் முதலில் அட்டையை மறைத்தார்கள்! பஸ்சிலும் ரெயிலிலும் அதை வெளியே காட்ட அவ்வளவு கூச்சம்.

ஆதியில் இந்தத் தொல்லை இல்லை. லண்டனில் 1908-ல் தொடங்கிய 'மில்ஸ் அண்ட் பூன்' கம்பெனியின் காதல் கதைகள், 1930-களில் வாடகை நூல் நிலையங்களில் கிடைக்கும். மேலுறையில்தான் வண்ணப்படம். அதைக் கழற்றினால் வெறும் பழுப்பு பைண்டு! உள்ளே காதலா, கணக்கா, யாருக்குத் தெரியும்?

1972-ல் வந்தது மாற்றம். அமெரிக்காவில் காத்லீன் உடிவிஸ் என்ற பெண் எழுதிய ஒரு சரித்திரக் காதல் நாவல் அமோகமாக விற்றது. அதே பாணியில் நாவல்கள் குவிந்தன. அட்டைகளிலும் சூடு ஏறியது.

காற்றில் பறக்கும் கூந்தல்; தோளில் நழுவும் கவுன்; சட்டைப் பித்தான் போடாத கட்டழகன்; இருவரும் இறுகத் தழுவி நிற்பார்கள். பின்னால் ஒரு கோட்டை, அல்லது கடல்!

இந்தப் படத்துக்கு ஆணும் பெண்ணும் ஸ்டூடியோவில் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்து ஓவியர் வரைவார். ஜேம்ஸ் பாண்ட் சினிமா போஸ்டர்கள் வரைந்த ராபர்ட் மெக்கின்னிஸ் இதிலும் கைதேர்ந்தவர். இப்படி நின்றே உலகப் புகழ் பெற்றவர், இத்தாலியில் பிறந்த பேபியோ. நூற்றுக்கணக்கான அட்டைகளில் அவர்தான் காதலன்!

யாருக்காக?

எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். படித்தவர்களும் பெண்களே. ஆனால், எந்தப் புத்தகம் கடைக்குப் போகவேண்டும் என்று தீர்மானித்த மொத்த வியாபாரிகளில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் கண்ணைக் கவரத்தான் இந்த ஜோடனை என்று சொல்வார்கள். வியாபாரம் அவர்களுக்கு, வெட்கம் வாசகிக்கு!

பிறகு ஒரு தந்திரம் செய்தார்கள். அதுதான் இரட்டை அட்டை. மேலே பூவும் பொன்னெழுத்தும் மட்டும். அதைப் புரட்டினால், உள் அட்டையில் காதலர்கள்!

2007-ல் கிண்டில் கருவி வந்தது. அதில் படிப்பவருக்கு அட்டைக் கவலையே இல்லை.

2010-களின் பிற்பகுதியில் அடுத்த மோஸ்தர் பிறந்தது: பளிச்சென்ற நிறத்தில் கார்ட்டூன் ஜோடி. மடியில் வைத்துக்கொண்டு எங்கும் படிக்கலாம். ஆனால், இதிலும் ஒரு சங்கடம். சிறுவர் கதை என்று நினைத்துப் பெற்றோர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பதோ, பழைய தழுவல் அட்டையே நாணும்படியான சங்கதிகள்!