முதுமையில் 'அளவான' மது: மருத்துவ ஆய்வும் ஃபிக்ஹு நோக்கும்

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்து 219ஆம் வசனம், மதுவிலும் சூதாட்டத்திலும் பெரும் பாவம் உண்டு என்று கூறும் அதே இடத்தில், மனிதர்க்குச் சில பயன்களும் அவற்றில் உண்டு என்பதை மறைக்காது குறிப்பிடுகிறது. பாவமே பயனினும் பெரிது என்று முடிவும் உரைக்கிறது. அந்தப் 'பயன்கள்' எவை என்னும் வினா அரபிக் கல்லூரிகளின் தஃப்ஸீர் வகுப்புகளில் ஆண்டுதோறும் எழுவதுதான். அண்மைக் காலத்தில் அதற்கு நமது தூத்துக்குடிக் கடற்கரையில் புதியதொரு விடை வந்து சேர்ந்திருக்கிறது. கப்பற் பணியிலிருந்து ஓய்வு பெற்றோர், அயல்நாடுகளில் வணிகம் செய்து திரும்பிய முதியோர் ஆகியோருள் சிலர், நாளும் சிறிதளவு அருந்துவது இதயத்துக்கு நல்லதென மருத்துவ ஆய்வுகள் கண்டுள்ளனவே, வசனம் சுட்டும் பயன் அதுதானோ என்று நம்மிடம் வினவுகின்றனர். அருந்துவதற்கு அனுமதி தேடி அவர்கள் கேட்பதில்லை. தாம் படித்ததையும் ஓதியதையும் ஒன்றாகப் பொருத்திப் பார்க்க விரும்புகின்றனர். அவ்விருப்பம் மதிக்கத் தக்கது. ஆகவே அந்த ஆய்வுகள் எங்கிருந்து தோன்றின, இன்று எந்நிலையில் உள்ளன என்பதை முதலில் நோக்குவோம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து உயிரியல் அறிஞர் ரேமண்ட் பேர்ல் 1926ஆம் ஆண்டில் மதுவும் ஆயுளும் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். (முத்து என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கியவர் தொடங்கி வைத்த விவாதம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்ததும் ஒரு பொருத்தமே.) மிகுதியாக அருந்துவோர் விரைவில் இறந்தனர், ஆனால் அளவாக அருந்துவோர் அறவே அருந்தாதோரினும் சற்று நீண்ட காலம் வாழ்ந்தனர் என்பது அவர் கண்ட கணக்கு. 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, கொழுப்பை மிகுதியாக உண்ணும் பிரெஞ்சு மக்களிடையே மாரடைப்பு குறைவாக இருப்பதற்குச் சிவப்புத் திராட்சை மதுவே காரணமாகலாம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. மறு ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோ அதனை 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். அன்று முதல் இச்செய்தி நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது.

கணக்கு பொய்யன்று, கணக்கெடுத்த முறையில்தான் பழுது இருந்தது. அதனை 1988லேயே பிரித்தானிய ஆய்வாளர் ஷேப்பர் சுட்டிக்காட்டினார். 'அருந்தாதோர்' என்ற வரிசையில் வாழ்நாள் முழுதும் மதுவைத் தொடாதவர் மட்டும் இல்லை. அருந்தி உடல்நலம் கெட்டு, மருத்துவரின் எச்சரிக்கைக்குப் பின் நிறுத்தியவரும் உள்ளனர். நோயாளிகளை அருந்தாதோர் பக்கம் தள்ளிவிட்டால், எஞ்சியுள்ள அருந்துவோர் நலமுடையோராகத் தோன்றுவது இயல்பே.

நமது கடலை வைத்தே இதனை விளக்கலாம். தூத்துக்குடியில் இறுதி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டில் நடைபெற்றது. அந்தப் பருவத்தில் ஒருவர் கரைக்கு வந்து, படகிலிருந்து மூழ்குவோரின் உடல்நலத்தையும் கரையில் அமர்ந்திருப்போரின் உடல்நலத்தையும் ஒப்பிட்டிருந்தால், கடலில் மூழ்குவதே ஆரோக்கியம் தரும் என்று முடிவு கட்டியிருப்பார். செவிப்பறை கிழிந்தவரும் நெஞ்சு தளர்ந்தவரும் கரையில் அமர்ந்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திராது. வலிமையுள்ளவரே மூழ்குகின்றனர், மூழ்குவதால் வலிமை வருவதில்லை. முதுமையில் இந்த மயக்கம் மேலும் கூடும். எழுபது வயதிலும் விருந்துக்குச் சென்று ஒரு குவளை அருந்தக்கூடியவர் பெரும்பாலும் நோயற்றவராகவும் பொருள் வசதி உடையவராகவும் இருப்பார். 107 ஆய்வுகளில் இடம்பெற்ற 48 இலட்சம் மக்களின் தரவுகளைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் இப்பிழைகளைக் கருத்திற்கொண்டு மீண்டும் கணக்கிட்டு 2023இல் வெளியிட்டபோது, அளவாக அருந்துவோர்க்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட ஆயுள் நன்மை மறைந்துபோயிற்று.

இவற்றிலெல்லாம் நம்மை மிகவும் கவர்ந்தது 2019ஆம் ஆண்டு லான்செட்டில் வெளிவந்த சீன ஆய்வு. கிழக்காசிய மக்களிற் பலருக்கு மதுவைச் செரிக்கும் நொதியொன்று பிறப்பிலேயே குறைபாடுடையதாக உள்ளது. சிறிது அருந்தினாலும் முகம் சிவந்து குமட்டும். அத்தகையோர் தாமாகவே குறைவாக அருந்துவர். இம்மரபுக்கூறு வாய்ப்பது பிறப்பால்; செல்வம், கல்வி, நோய் ஆகியவற்றால் அன்று. எனவே மரபுக்கூற்றை வைத்து மக்களை வகுத்தால் மேற்சொன்ன மயக்கம் நுழைய வழியில்லை. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பத்தாண்டு அளவில் பின்தொடர்ந்த அவ்வாய்வில், வழக்கமான முறையில் கணக்கிட்டபோது அளவான மது பக்கவாதத்தைக் குறைப்பதாகவே தோன்றியது. அதே மக்களை மரபுக்கூற்றின்படி வகுத்தபோது அந்தத் தோற்றம் அழிந்தது. மது கூடக் கூடப் பக்கவாதமும் இடையறாது கூடியது. நாளொன்றுக்கு நான்கு அளவு அருந்துவோர்க்கு அவ்வாபத்து 35 விழுக்காடு மிகுந்திருந்தது. அங்குள்ள பெண்களிற் பெரும்பாலோர் மது அருந்துவதில்லை. அதே மரபுக்கூறு அவர்களிடத்தில் எவ்வேறுபாட்டையும் காட்டவில்லை என்பது, விளைவுக்குக் காரணம் மதுவேயன்றி மரபுக்கூறு அன்று என்பதை உறுதி செய்தது. உஸூல் நூல்களில் இல்லத்தைக் கண்டறியும் வழிகளுள், காரணம் உள்ள இடத்தில் விளைவு உண்டாவதையும் அது நீங்கிய இடத்தில் விளைவு நீங்குவதையும் நோக்கும் முறையை மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அம்முறையின் சாயலை இங்குக் காண்கிறோம்.

மாரடைப்பைப் பொறுத்தவரை அச்சீன ஆய்வு தெளிவான தீங்கையும் காட்டவில்லை, நன்மையையும் காட்டவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். இந்தியர் நிலை வேறு. உலகளாவிய மாரடைப்பு ஆய்வொன்றின் தெற்காசியத் தரவுகள் 2007இல் வெளியானபோது, பிற நாட்டவரிடம் காணப்பட்ட மதுவின் 'பாதுகாப்பு' நம்மவரிடம் காணப்படவில்லை. இந்திய ஆண்கள் 4,465 பேரைக் கொண்டு 2010இல் வெளிவந்த ஆய்வு, அருந்துவோர்க்கே இதயநோய் மிகுதி என்றது. பிரெஞ்சுக்காரரின் இதயத்தைக் காட்டி நமக்கு ஆறுதல் சொல்வதற்கு இடமில்லை.

விவாதம் முற்றாக ஓய்ந்துவிட்டதென்றும் நாம் கூறமாட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியில், மதுவில் தீங்கற்ற அளவென்று எதுவுமில்லை என அறிவித்தது. ஆனால் 2024 திசம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு, அளவாக அருந்துவோரிடையே மொத்த மரணம் குறைவாகவே காணப்படுகிறது என்றும், பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்றும் ஒருங்கே எழுதியது. ஐயத்தைத் தீர்க்கக்கூடிய நேரடிச் சோதனையொன்று, 7,800 பேரைச் சேர்க்கும் திட்டத்தோடு அமெரிக்காவின் முயற்சியில் தொடங்கப்பட்டது. அதற்கான பணத்தை மது நிறுவனங்களிடம் அதிகாரிகளே வேண்டிப் பெற்றது வெளிப்பட்டதால் 2018இல் அது கைவிடப்பட்டது. அறிவிப்பாளரின் நம்பகத்தன்மையை ஆராயாமல் ஹதீஸை ஏற்காத மரபில் வந்தவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி முதுமைக்கு வருவோம். வயது ஏற ஏற உடலின் நீர்ப்பங்கு குறைகிறது. இளமையில் ஏறத்தாழ 60 விழுக்காடாக இருந்தது ஆண்களுக்கு 50 விழுக்காட்டை நெருங்குகிறது. மது நீரில் கரைவதாகையால், நாற்பதில் அருந்திய அதே அளவு எழுபதில் இரத்தத்தில் அடர்ந்து நிற்கும். இரத்த அழுத்தம், நீரிழிவு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கான மாத்திரைகள் இன்றி நம் முதியோரிற் பலரைக் காண்பது அரிது. நீரிழிவு மாத்திரைகளுட் சில மதுவோடு சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சு தளரும். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியும். இரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்கு 'அளவாகத்தான் அருந்தினேன்' என்பது ஆறுதலாகாது.

மூளையைப் பற்றிய செய்தி இன்னும் கவலைக்குரியது. பிரித்தானிய அரசு ஊழியர் 550 பேரை முப்பதாண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், நாளும் இரண்டு மூன்று சிற்றளவு அருந்தி வந்தோரிடமே நினைவாற்றலுக்குரிய மூளைப்பகுதி சுருங்கியிருப்பது, அருந்தாதோரினும் மும்மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. சிறிதளவு அருந்தியோர்க்கும் எந்த நன்மையும் தென்படவில்லை. இதயத்துடிப்பு ஒழுங்கிழக்கும் நோயுடையோர் 140 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடத்திய சோதனையில், குடியை நிறுத்தியோருள் 53 விழுக்காட்டினர்க்கும் தொடர்ந்தோருள் 73 விழுக்காட்டினர்க்கும் அந்நோய் மீண்டது. அறுபது வயதைக் கடந்த 1,35,103 பிரித்தானியரைப் பற்றி 2024இல் வெளிவந்த ஆய்வு, குறைந்த அளவிலேயே புற்றுநோய் மரணம் கூடுவதையும், இதயநோய் மரணம் குறையாமையையும் காட்டியது.

'அளவு' என்ற சொல்லையும் அளந்து பார்க்க வேண்டும். ஆறு இலட்சம் பேரின் தரவுகளைக் கொண்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு, வாரத்துக்கு 100 கிராம் தூய மதுசாரத்துக்கு மேல் ஆயுள் குறையத் தொடங்குகிறது என்றது. நம் மாநிலக் கடைகளில் 'குவார்ட்டர்' என விற்கப்படும் 180 மில்லி லிட்டர் புட்டியில் மதுசாரம் 42.8 விழுக்காடு, எடையில் ஏறத்தாழ 60 கிராம். இரண்டு புட்டிகள் ஒரு வாரத்து எல்லையைக் கடந்துவிடும். அதனை ஒரே மாலையில் முடிப்பவர் 'அளவாக' அருந்துவோர் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறார்.

வசனம் கூறும் பயனுக்குத் திரும்புவோம். இமாம் குர்துபீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் முதன்மையாகக் குறிப்பிடுவது வணிக இலாபத்தையே: ஷாம் நாட்டில் மலிவாக வாங்கி ஹிஜாஸில் விலை உயர்த்தி விற்றனர். 2023-24ஆம் நிதியாண்டில் தமிழக அரசுக்கு மது விற்பனையால் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது என்பதை நோக்கின், அவ்விளக்கம் பழையதாகிவிடவில்லை. உடற்பயனையும் சிலர் குறிப்பிட்டுள்ளனர். கிரேக்க மருத்துவத்தைப் பின்பற்றிய இப்னு ஸீனாவே, மது சிறுவர்க்கு ஆகாது, முதியோர்க்கு ஏற்றது என்ற கருத்தைத் தம் 'கானூன்' நூலில் இடம்பெறச் செய்தார். ஃபகீஹுகள் அதனை அறிந்திருந்தும் தம் முடிவை மாற்றவில்லை. ஏனெனில் மதுவிலக்கின் இல்லத், போதையூட்டும் தன்மை. ஈரல் கெடுவதோ இதயம் தளர்வதோ அன்று. மருந்துக்காக மது காய்ச்சுவதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது மருந்தன்று, நோயே என நபிகள் நாயகம் (ஸல்) விடையளித்ததை முஸ்லிம் பதிவு செய்துள்ளார். மிகுதியில் போதை தருவதன் சிற்றளவும் விலக்கப்பட்டது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தெளிவான நிலை. திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றின் நபீதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கொண்டிருந்த வேறுபட்ட கருத்தை விடுத்து, அவருடைய மாணவர் இமாம் முஹம்மதின் (ரஹ்) கருத்தின்படியே பிற்கால ஹனஃபீகளும் ஃபத்வா வழங்கினர்.

ஆகவே 2023இன் அறிவிப்பைக் காட்டி 'விஞ்ஞானம் நம் மார்க்கத்தை மெய்ப்பித்துவிட்டது' என்று மேடையில் முழங்குவோருடனும் நாம் உடன்படுவதில்லை. 1991இல் ஆய்வு மறுபக்கம் நின்றபோது அவர்கள் என்ன செய்தார்கள்? நாளை மீண்டும் ஓர் ஆய்வு மாறினால் சட்டமும் மாறுமோ?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையையும் காயல் துறைமுகத்தையும் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இங்கு மது அருந்துபவரையும் கடலோடுபவரையும் பிணையாக ஏற்பதில்லை என்கிறார். கடலோடிகளின் வழிவந்த நாம் இரண்டாவதை மன்னித்துவிடலாம்.

இறுதியாக, உடன்குடி, திருச்செந்தூர்ப் பகுதியினர் கேட்கும் பதநீர் பற்றி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசி இறக்கும் பனஞ்சாறு புளிப்பதில்லை. அது பதநீர், ஹலாலானது. சுண்ணாம்பின்றி இறக்கினால் சில மணி நேரத்தில் நொதித்துக் கள்ளாகிவிடும். அது இளங்கள்ளாயினும் விலக்கப்பட்டதே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காக ஊறவைத்த உலர்திராட்சை நீர் மூன்று நாட்களுக்கு மேல் வைத்துப் பருகப்படவில்லை என்ற ஹதீஸிலும் இதே எச்சரிக்கையைக் காண்கிறோம். பதநீரில் சர்க்கரை மிகுதி. நீரிழிவுடைய முதியோர் அதனையும் மருத்துவரைக் கேட்டே பருக வேண்டும்.