வெளியூர் அரங்கில் ஒரு நாள்: கால்பந்து ரசிகர்களின் பயணத்துக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: கொச்சியிலிருந்து கோவாவின் மட்காவ் வரை ரயில் பாதையில் 700 கிலோமீட்டருக்கும் அதிகம். தொண்ணூறு நிமிட ஆட்டம் ஒன்றுக்காக இந்தத் தொலைவைக் கடந்து சென்று, எதிரணியின் ஊரில் சிறுபான்மையாக அமர்ந்து, அன்றிரவே ஊர் திரும்பும் ரசிகர் கூட்டம் ஒன்று கடந்த பத்தாண்டுகளில் இந்தியாவில் உருவாகியிருக்கிறது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் போட்டி தொடங்கியபின் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் இப்பயணம் பல்லாயிரம் இளைஞர்களின் வழக்கமாகிவிட்டது. ஆனால், அவர்களுடைய பயணத்துக்கும் பாதுகாப்புக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இன்றுவரை தெளிவான விடை இல்லை.

இந்தப் பழக்கம் நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பூட்ஸ் அணிந்த வெள்ளையர் அணியை, ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி வீழ்த்தியது. அந்த ஆட்டத்தைக் காண வங்கத்தின் தொலைதூரப் பகுதிகளிலிருந்தும் அசாம், பீகாரிலிருந்தும் மக்கள் திரண்டு வந்தனர். அவர்களுக்காகச் சிறப்பு ரயிலும் நீராவிப் படகுகளும் விடப்பட்டன. அந்நிய ஆட்சிக் காலத்திலேயே ரசிகர்களின் பயணத்துக்கு ஏற்பாடு செய்ய முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது.

உயிரைப் பறித்த பயணம்

2022 மார்ச் 20 அன்று மட்காவின் பதோர்டா அரங்கில் ஹைதராபாத் அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் இறுதி ஆட்டத்தில் மோதின. கொரோனா தொற்றின் காரணமாக இரண்டு பருவங்கள் ரசிகர்களே இல்லாத அரங்குகளில் ஆட்டங்கள் நடந்து முடிந்திருந்தன. இறுதி ஆட்டத்துக்குத்தான் வாசல் திறந்தது. சுமார் 19 ஆயிரம் பேர் அமரக்கூடிய அரங்கை நோக்கிக் கேரளத்திலிருந்து ரயில், பேருந்து, கார், மோட்டார் சைக்கிள் எனக் கிடைத்த வாகனத்தில் எல்லாம் ரசிகர்கள் புறப்பட்டனர்.

அப்படிப் புறப்பட்டவர்களில் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இரு இளைஞர்கள், காசர்கோடு மாவட்டத்தில் நிகழ்ந்த சாலை விபத்தில் உயிரிழந்தனர். மோட்டார் சைக்கிளில் சென்ற அவர்கள் கேரள எல்லையைக்கூடத் தாண்டவில்லை.

அன்று மாலை அரங்கின் பெரும்பகுதி மஞ்சள் நிறமாகியிருந்தது. இரு அணிகளின் வழக்கமான நிறமும் மஞ்சளே. போட்டி விதிப்படி ஹைதராபாத் மஞ்சள் அணிய, கேரள வீரர்கள் கறுப்புச் சீருடையில் களமிறங்கினர். ரசிகர்களோ மஞ்சளை விடவில்லை. ராகுல் அடித்த கோலால் முன்னிலை பெற்ற கேரளம், ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் வாங்கி 1-1 எனச் சமநிலை கண்டது. பெனால்டி உதைகளில் ஹைதராபாத் 3-1 என வென்றது. மூன்று உதைகளைத் தடுத்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் கோல்காப்பாளர் லட்சுமிகாந்த் கட்டிமணி.

இதே பதோர்டா அரங்கில், 2015 டிசம்பர் 20 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் கோவா அணியின் கோல்காப்பாளராக நின்றவரும் அவர்தான். கடைசி நிமிடங்களில் அவர் மீது பட்டுத் தன் வலைக்குள்ளேயே பந்து புகுந்தது. தொடர்ந்து மென்டோசா அடித்த கோலால் சென்னையின் எப்.சி. 3-2 என வென்றது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் பெங்களூரு அணியையும் அதே 3-2 கணக்கில் சென்னை வென்றது. சென்னை அணி இதுவரை வென்ற இரண்டு பட்டங்களும் எதிரணியின் சொந்த ஊரில் கிடைத்தவை. அந்த வெற்றிகளை நேரில் கண்டவர்கள், வெளியூருக்குப் பயணம் செய்த ரசிகர்களே.

வாசலும் இருக்கையும்

வெளியூர் ரசிகரின் நாள் அரங்கின் வாசலில்தான் சோதனைக்கு உள்ளாகிறது. எந்த வாசல், எந்தப் பகுதி என்பது தெரியாது. வழி கேட்க உள்ளூர் மொழியும் தெரியாது. தண்ணீர்ப் புட்டியையும் கொடிக் கம்பையும் வாசலில் விட்டுவிட வேண்டும். உள்ளே குடிநீர் எங்கே கிடைக்கும், கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குப் பழகிய விஷயம். வந்தவர் ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். குடும்பத்தோடு வரும் பெண்களுக்கு இந்தத் தேடல் இன்னும் கடினம்.

எதிரெதிர் ரசிகர்களைத் தனித்தனிப் பகுதிகளில் அமரவைப்பது வெறும் சம்பிரதாயம் அன்று. 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் கிழக்கு வங்காள அணியும் மோதியபோது இரு தரப்பு ரசிகர்களும் ஒரே பகுதியில் கலந்து அமர்ந்திருந்தனர். களத்தில் மூண்ட மோதல் பார்வையாளர் பகுதிக்குப் பரவியது. நெரிசலில் 16 பேர் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் அந்நாளில் கொல்கத்தாவில் ரத்ததான முகாம் நடத்தப்படுகிறது.

2023 மார்ச் 3 அன்று கண்டீரவாவில் நடந்த வெளியேற்றுச் சுற்று ஆட்டம் வேறொரு பாடத்தைச் சொன்னது. கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி விரைந்து எடுத்த பிரீ கிக் கோலானது. அதை ஏற்க மறுத்த கேரள அணி, பயிற்சியாளரின் முடிவின்படி களத்தை விட்டு வெளியேறியது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. இரவுப் பேருந்தில் வந்து, பாதியில் நின்ற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆத்திரத்தில் இருந்த எதிரணி ரசிகர்களுக்கு நடுவே வெளியேறிய கேரள ரசிகர்களின் நிலை அந்த விசாரணையின் மையத்தில் இல்லை.

தலைநகரில் மஞ்சள்

தில்லியில் காட்சி வேறுவிதம். ஐ லீக் பட்டத்தை வென்று தகுதி அடிப்படையில் சூப்பர் லீகுக்கு உயர்ந்த முதல் அணியான பஞ்சாப் எப்.சி., மொகாலியைத் தளமாகக் கொண்டது. ஆயினும், தன் சொந்த ஊர் ஆட்டங்களைத் தில்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் ஆடியது. மொகாலியிலிருந்து தில்லி சுமார் 250 கிலோமீட்டர். ஆக, பஞ்சாப் ரசிகர்களுக்கு ‘உள்ளூர்’ ஆட்டமே வெளியூர்ப் பயணமானது. மறுபுறம், தலைநகரில் வாழும் மலையாளிகள் மெட்ரோ ரயிலில் வந்து இறங்கிக் கேரள அணிக்குக் குரல் கொடுத்தனர். 2025 ஜனவரி 5 அன்று இரண்டு வீரர்கள் வெளியேற்றப்பட்டு ஒன்பது பேருடன் ஆடியபோதும் கேரளம் 1-0 என வென்றது. பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்தவர்களுக்கு அந்த மாலை, ஊரின் மொழியை உரத்துப் பேசக் கிடைத்த வாய்ப்பாகவும் அமைந்தது.

ரசிகர்கள் என்றாலே கலவரம் என்று காவல்துறை கருதுவது முழு உண்மை அன்று. 2024 ஆகஸ்ட் 18 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் நடக்கவிருந்த மோகன் பகான் - கிழக்கு வங்காளம் ஆட்டம், பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் படுகொலை செய்யப்பட்டதைக் கண்டித்து நகரமே கொந்தளித்திருந்த நேரம் அது. அன்று இரு அணி ரசிகர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் அரங்குக்கு வெளியே ஒன்றாகக் கூடி நீதி கேட்டனர். காவல்துறை தடியடி நடத்தியது. நூறாண்டுக்கால எதிரிகள் தோளோடு தோள் நின்றனர்.

கேட்கப்படாத குரல்

2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் சூப்பர் லீக் போட்டியே நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. போட்டி பிப்ரவரி 14-இல் தொடங்கும் என 2026 ஜனவரியில்தான் மத்திய விளையாட்டுத்துறை அமைச்சர் அறிவித்தார். 14 அணிகள், ஓர் அணி மற்றோர் அணியை ஒரே ஒருமுறை சந்திக்கும் வகையில் 91 ஆட்டங்கள் எனத் திட்டம் சுருங்கியது. வெளியூர்ப் பயணங்கள் பாதியாயின. சம்மேளனம், வணிக நிறுவனம், அணி உரிமையாளர்கள், அரசு என அனைவரும் பேசினர். பயணச்சீட்டும் நுழைவுச்சீட்டும் தம் சொந்தப் பணத்தில் வாங்கும் ரசிகருக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

அவர்கள் கேட்பது பெரிய சலுகை அன்று. முக்கிய ஆட்டங்களுக்குச் சிறப்பு ரயில். அட்டவணையைப் போதிய காலம் முன்னதாக அறிவித்தல். ஒவ்வோர் அரங்கிலும் வெளியூர் ரசிகருக்கெனத் தனிப் பகுதி, குடிநீர், கழிப்பறை. ஆட்டம் முடிந்தபின் பேருந்து நிலையம் வரை பாதுகாப்பு. ரயில்வேயும் மாநில அரசுகளும் சம்மேளனமும் ஒன்றாக அமர்ந்து பேசினால் இவற்றைச் செய்து முடிக்கலாம். 1911-இல் விட்ட ரயிலை 2022-இல் விட்டிருந்தால், அந்த இரு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்திருக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.